உருண்டை சாகும் சத்தம்

பழைய ஒலிநாடாக்களில் படிந்திருக்கும் இரைச்சல், கீறல், கரகரப்பு எல்லாவற்றையும் துடைத்து, உள்ளே இருப்பதைக் கேட்கும்படி செய்து கொடுப்பது என் வேலை. இதற்கு நல்ல காது வேண்டும் என்பார்கள். காதைவிடச் சந்தேகம்தான் முக்கியம். காதில் விழுகிற எதையும் அப்படியே நம்பாமல், இது என்ன, எங்கிருந்து வருகிறது என்று நோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் குணம் எனக்குப் பிறவியிலேயே தாராளமாக வாய்த்திருக்கிறது. பழக்கடையில் அடியில் இருப்பதைத் திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். யாராவது புகழ்ந்தால் எதற்கு அடிபோடுகிறார்கள் என்றுதான் யோசிப்பேன். என் வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். "நீ போலீஸ்ல சேர்ந்திருக்க வேண்டியவ, வழி தப்பி இங்க வந்துட்ட" என்பார்.

அப்படிப்பட்ட எனக்கு பூட்ஸ் அண்ணன்மேல் எப்போதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பூட்ஸ் அண்ணன் முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய கணினி விளையாட்டின் கதாநாயகன். முழங்கால் வரை பூட்ஸ் போட்ட குட்டை மனிதன். இடமிருந்து வலமாக ஓடுவான். எதிரே உருண்டை உருண்டையாகச் சில ஜந்துக்கள் வரும். அவற்றுக்குப் பல் கிடையாது, நகம் கிடையாது, கையே கிடையாது. இரண்டு கண், இரண்டு பாதம், அவ்வளவுதான். பூட்ஸ் அண்ணன் எகிறிக் குதித்து அதன் தலையில் மிதிப்பான். "க்யீங்" என்று ஒரு சத்தம் வரும். உருண்டை தட்டையாகி மறையும். மிதிக்காமல் விட்டு, அது வந்து அவனைத் தொட்டுவிட்டால் அவன் செத்துப்போவான். பள்ளிக்கூட நாட்களில் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து, அந்த வீட்டு அம்மா விளக்கை அணைத்து விரட்டும் வரைக்கும் நான் மிதித்திருக்கிறேன். எத்தனை ஆயிரம் இருக்குமோ தெரியாது.

அந்த விளையாட்டைப் புதிதாக மெருகேற்றி மறுபடி வெளியிடப் போகிறார்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பழைய சத்தங்களைச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும். கூப்பிட்டது பாப்பா. பெயர் வேறு, ஆனால் அந்த விளையாட்டை உருவாக்கியவரின் ஒரே மகள் என்பதால், நாற்பது வயதிலும் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். அவளும் கோபித்துக்கொள்வதில்லை. வீட்டின் கீழ்த்தளம் அலுவலகம். மாடியில் அவளும், எழுபது தாண்டிய அவள் அப்பாவும் இருந்தார்கள். அவரை எல்லோரும் சார் என்போம். தினமும் பதினொரு மணிக்குத் தன் கோப்பையைத் தானே ஏந்திக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வருவார். ஒரு ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, யாரையும் தொந்தரவு செய்யாமல் மறுபடி ஏறிப் போவார்.

பாப்பா அவரோடு சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவரை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டும் பார்த்ததில்லை. "மாத்திரை மேசைமேல இருக்கு" என்பாள். யாரிடம் சொல்கிறாள் என்று அவரே புரிந்துகொள்ள வேண்டும். மற்றவர்களிடம் பேசும்போது "அவர்" என்பாள். வந்த முதல் வாரமே இதைக் குறித்துக்கொண்டேன். இதில் ஏதோ இருக்கிறது என்று அப்போதே என் மூக்கு சொன்னது.

வேலை ஆரம்பித்த நாளிலிருந்து பாப்பா எல்லோரையும் ஒரே கேள்வியால் குடைந்துகொண்டிருந்தாள்.

"இவன் எதுக்கு மிதிக்கிறான்?"

"ஹீரோ மேடம்" என்றார் புரோகிராமர்.

"ஹீரோன்னா? அதுங்க இருக்கற எடத்துக்கு இவன் போறான். இவன் வீட்டுக்கு அதுங்க வரல. அதுங்க என்ன தப்பு பண்ணிச்சு?"

"தொட்டா இவன் செத்துடுவானே. தற்காப்பு மேடம்."

"பல்லு இல்லாதது தொட்டா எப்படிச் சாவான்? எனக்கு இவன்மேலயே நம்பிக்கை இல்ல. எதையோ மறைக்கிறான்."

படம் வரைகிறவர் குனிந்துகொண்டு சிரித்தார். நானும் உள்ளுக்குள் சிரித்தேன். விளையாட்டுப் பொம்மையை விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறாளே என்று நினைத்தேன். வேலைக்கு வந்த இடத்தில் வாயைக் கொடுப்பானேன் என்று சும்மா இருந்தேன்.

ஆனால் ஒரு நாள் நடந்தது என்னை உறுத்தியது. விளையாடிப் பார்க்க வெளியிலிருந்து பத்துப் பேரை வரவழைத்திருந்தார்கள். புரோகிராமர் அவசரத்தில் சத்தங்களைச் சேர்க்க மறந்துவிட்டார். ஊமைப் படம் மாதிரி ஓடியது. அந்தப் பத்துப் பேரும் இரண்டு மூன்று உருண்டைகளை மிதித்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். உருண்டையைத் தாண்டிக் குதித்து அவரவர் வழியில் போனார்கள். மறுநாள் சத்தத்தோடு அதே ஆட்களுக்குக் கொடுத்தபோது, தாண்டிப் போன உருண்டையைத் திரும்பி வந்து மிதித்தார்கள். எல்லோரும் மிதித்தது அந்தச் சத்தத்துக்காகத்தான். என் தொழில் சத்தம். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

அன்று சாயங்காலம் பாப்பா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். கையில் ஒரு பழைய கேசட். அதன் மேலட்டையில் சாரின் கையெழுத்தில் எழுதியிருந்தது: உருண்டை சாகும் சத்தம்.

"பரண்ல இருந்த பெட்டில கெடச்சுது. இத நீங்க மட்டும் கேளுங்கக்கா. வேற யாரும் வேண்டாம்."

"என்ன விஷயம்?"

அவள் உட்காரவில்லை. "எனக்கு அஞ்சு வயசு இருக்கும். மேல அவரோட ரூம்ல ஜன்னலுக்கெல்லாம் போர்வை தொங்கும், வெளிச் சத்தம் வராம இருக்க. ஒரே இருட்டு. யாரோ அழறாங்க. 'இன்னொரு தடவை, இன்னொரு தடவை'ன்னு ஒரு குரல். அழற சத்தம் நிக்கவே இல்ல. எனக்கு ஞாபகம் இருக்கறது அவ்வளவுதான். அழுதது நான்தான். வேற யாரு இருந்தா அந்த வீட்ல? அப்போ அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு."

"கேட்டதுண்டா அவர்கிட்ட?"

"பத்து வயசுல ஒரு தடவை, 'என்னை எதுக்கு அப்படி அழ வெச்சீங்க'ன்னு கேட்டேன். மூஞ்சி வெளுத்துப் போச்சு. எழுந்து போய்ட்டார். அப்புறம் என்னை ஹாஸ்டல்ல போட்டார். அதுக்கு முன்னாடி நாய்க்குட்டி ஒண்ணு வெச்சிருந்தேன், அதையும் யாருக்கோ தூக்கிக் குடுத்தார். ஸ்கூல்ல ஒரு நிகழ்ச்சிக்கு வந்ததில்ல. ஊரே அவரைக் கொண்டாடுது, எனக்கு மட்டும் அவர் கிட்ட வந்தா உடம்பு கூசுது. பூட்ஸ் மிதிக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் என் தொண்டையில இருந்து வர்ற மாதிரி இருக்கும்கா."

நான் கேசட்டைக் கையில் வாங்கினேன். சின்னப் பொருள்தான், ஆனால் வாங்கியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

"நான் நினைக்கறது உண்மைன்னா அவர் இந்த வீட்ல இருக்க முடியாது" என்றாள். "ஊருக்கு வெளிய ஒரு முதியோர் இல்லம். பேசி வெச்சிட்டேன். வர்ற திங்கள்கிழமை ரூம் காலியாகுது."

"பொய்யா இருந்தா?"

அவள் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தாள். "பொய்யா இருந்தா, முப்பது வருஷமா அவரை நான் அப்பான்னு கூப்பிடலையே, அதுக்கு ஒரு பதில் சொல்லணும்."

மறுநாள் காலையில் கேசட்டை என் யந்திரத்தில் போட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

முதலில் வெறும் அறையின் சத்தம். தரையில் எதையோ இழுக்கும் ஓசை. பிறகு ஒரு ஆண் குரல். அவசரமே இல்லாத குரல். "இன்... னொரு... தட... வை" என்று ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து, சாவகாசமாகச் சொல்லியது. உடனே ஒரு குழந்தையின் அலறல். நீளமாக, மேலே ஏறி, உடைந்து, விசும்பலாக முடிந்தது. அதற்குப் பிறகு அந்த ஆள் சிரித்தான். "ஹூ... ஹூ... ஹூ" என்று அடித்தொண்டையில், அனுபவித்து ஒரு சிரிப்பு. சிரிப்புக்குப் பின் ஏதோ இழுத்து முனகினான், வார்த்தை பிடிபடவில்லை.

ஒலியைக் கூட்டி வைத்தேன்.

மறுபடியும் "இன்... னொரு... தட... வை". மறுபடியும் அலறல். எண்ணினேன். மொத்தம் பதினோரு தடவை. அதில் ஏழாவதுதான் விளையாட்டில் வருகிற சத்தம்; அதை எத்தனை ஆயிரம் முறை கேட்டவள், எனக்குத் தெரியாதா? அதன் முதல் துளியை மட்டும் நறுக்கி, வேகத்தை ஏற்றி, "க்யீங்" ஆக்கியிருக்கிறார்கள். மூன்று இடங்களில் பின்னணியில் ஏதோ கனமாக உறுமியது. தெருவில் லாரி போயிருக்கும் என்று நினைத்தேன். பதினோராவது அலறலுக்குப் பிறகு லாரி மறுபடி உறுமியது, கேசட் நின்றுவிட்டது.

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் எறிந்தேன். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அந்த ஆள் ஆத்திரத்தில் அடித்திருந்தால்கூட மனிதன் என்று விட்டுவிடலாம். நிதானமாக, சிரித்துக்கொண்டு, இன்னும் நல்லதாக ஒன்று வேண்டும் என்று ஒரு பிள்ளையைப் பதினோரு தடவை அழ வைத்திருக்கிறான். நானும் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து அந்த அழுகையைக் கேட்கத்தானே பட்டனை அழுத்தி அழுத்தி மிதித்தேன்?

மத்தியானம் வீட்டுக்குப் போய், சாப்பிட வந்த வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அவரோட குரல்தானா? நிச்சயமா தெரியுமா?" என்றார்.

"வேற எந்த ஆம்பள இருந்தான் அந்த வீட்ல?"

"அதில்ல. எதையும் மூணு தடவை திருப்பிப் பாக்கறவ நீ. இத ஒரே தடவைல நம்பிட்டியேன்னு கேட்டேன்."

"பதினோரு தடவை கேட்டேன்" என்றேன் எரிச்சலாக. அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

நான் அலுவலகத்துக்குத் திரும்பி, நேரே சாரின் மாடிக்கு ஏறினேன். பாப்பா வெளியே போயிருந்தாள். சாரின் அறைக் கதவு திறந்தே இருந்தது. ஜன்னல் சட்டத்தில் பழைய ஆணிகள் வரிசையாக இன்னும் இருந்தன. போர்வை தொங்கவிட்ட ஆணிகள். அவர் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. உக்காருங்க."

நான் உட்காரவில்லை. "அந்த கேசட்ட கேட்டேன் சார். உருண்டை சாகும் சத்தம்."

நகவெட்டி நின்றது. "அது இன்னுமா இருக்கு? தூக்கிப் போட்டாச்சுன்னு நெனச்சேன்." செய்தித்தாளை மெதுவாக மடித்தார். "என்னம்மா கேட்டுச்சு அதுல?"

"ஒரு குழந்தை அழுவுது. ஒரு ஆள் 'இன்னொரு தடவை'ன்னு சொல்லிச் சொல்லி அழ வெக்கறான். நடுவுல சிரிக்கிறான்."

"ஆளா?"

"ஆம்பளக் குரல் சார். உங்க குரலான்னு கேக்கத்தான் வந்தேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிடிபட்டவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேர்க்கும், இல்லாவிட்டால் கோபம் வரும். இவர் முகத்தில் இரண்டும் இல்லை. தலையில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"ஆமாம்மா. என் குரல்தான்."

"அழுதது?"

"பாப்பாதான்."

"எப்படி சார் அழ வெச்சீங்க?"

"அது... கிள்ளினேன்." சொல்லிவிட்டு, இது போதுமா என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார். "அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான்தான்னு சொல்லிடுங்க. ஆனா அந்த கேசட்ட மட்டும் அவளுக்குப் போட்டுக் காட்டாதீங்க. குழந்தை தாங்கமாட்டா."

"அவளுக்கு நாப்பது வயசு சார்."

"எங்க போகச் சொன்னாலும் போறேன்னு சொல்லுங்க. திங்கள்கிழமைன்னா திங்கள்கிழமை. எனக்கும் தெரியும்மா, அந்த எடத்துலேர்ந்து ஃபோன் வந்தப்போ நான்தான் எடுத்தேன்."

படியிறங்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். குற்றவாளி ஒப்புக்கொண்டுவிட்டான். ஆனால் என் பாழாய்ப்போன மூக்கு சும்மா இருக்கவில்லை. பேரம் பேசாமல் ஒப்புக்கொள்கிற ஆளை நான் நம்பியதே கிடையாது. கேட்ட விலைக்கு உடனே தருகிற கடைக்காரன் சரக்கில் ஏதோ கோளாறு இருக்கும். முப்பத்தைந்து வருடம் மறைத்ததை, அதிகம் பழக்கமில்லாத என்னிடம், ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கிறாரே? "ஆளா?" என்று ஏன் கேட்டார்? தன் குரல் அதில் இருக்கும் என்று அவருக்கே தெரியாதா?

இருந்தாலும் கோபம் சந்தேகத்தை அமுக்கிவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து கேட்கும்படி பாப்பாவிடம் சொன்னேன்.

காலையில் ஒன்பதுக்கே போய் உட்கார்ந்தேன். அவள் கேட்பதற்கு முன் இரைச்சலைக் கொஞ்சம் துடைத்து வைக்கலாம் என்று, கேசட்டில் இருந்ததைக் கணினியில் ஏற்றினேன். பழைய பதிவு எதிலும் மின்சாரத்தின் முனகல் ஒன்று கூடவே வரும். சுவரில் இருந்து வருகிற கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை அதிர்வதால் வருகிற முனகல் அது. திரையில் எப்போதும் ஐம்பதாம் இடத்தில் ஒரு கோடாகத் தெரியும். அதை அழிப்பதுதான் எங்கள் தொழிலில் முதல் வேலை, பல் துலக்குவது மாதிரி. கோட்டைத் தேடினேன்.

கோடு இருபத்தைந்தில் இருந்தது.

ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. காதோரம் சுட்டது. இருபத்தைந்தில் எந்த ஊரிலும் கரண்ட் முனகாது. அந்தப் பதிவு பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் இசைக்காரர்கள் வைத்திருந்த ஒருவகை ரெக்கார்டர் சாதாரண கேசட்டையே இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பதியும், தரம் நன்றாக இருக்கும் என்று. அதில் பதிந்ததைச் சாதாரண யந்திரத்தில் போட்டால் எல்லாமே பாதியாக இழுபடும், குரல்கள் கனத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம் இது. இருபத்தைந்து வருட அனுபவக்காரி, கேசட்டைப் போடுவதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவிட்டதால் கவனிக்கவில்லை.

வேகத்தை இரட்டிப்பாக்கினேன். ஹெட்போனை மாட்டிக்கொள்ளக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"இன்னொரு தடவை!"

ஒரு சின்னப் பெண்ணின் குரல். உற்சாகமாக, துள்ளலாக. உடனே ஒரு நாய்க்குட்டியின் கதறல். பிறகு அந்தப் பெண் சிரித்தாள். கிலுகிலுவென்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் ஐந்து வயதுச் சிரிப்பு.

"அப்பா, இது நல்லா இருந்துச்சாப்பா? இன்னொரு தடவை!"

மறுபடி கதறல். லாரி என்று நான் நினைத்தது லாரி இல்லை. மைக்குக்குத் தள்ளி, சுவரோரமாக நின்று பேசிய ஒரு ஆணின் குரல் அது. "போதும் பாப்பா. வால மிதிக்காதடா, பாவம்" என்றது. இரண்டு கதறல் கழித்து மறுபடி, "போதும்டா." அதற்கப்புறம் நெடுநேரம் அந்தக் குரல் இல்லை. நாயும் பெண்ணும் மட்டும். பத்தாவது முறைக்குப் பிறகு, "பாப்பா, வேண்டாம்." பதினோராவது கதறல். "போதும், அப்பாவுக்குச் சத்தம் கெடச்சுடுச்சு." டக்கென்று பட்டன் சத்தம்.

மணி ஒன்பதே முக்கால். பதினைந்து நிமிடம் இருந்தது எனக்கு.

என்னென்னவோ யோசித்தேன். பாதி வேகத்தில் இருப்பதையே அவளுக்குப் போட்டுக் காட்டலாம். அவர் கேட்டுக்கொண்டதும் கிட்டத்தட்ட அதுதான். அவள் நிம்மதியாகக் கோபப்படுவாள். அவர் திங்கள்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார், அந்த மூட்டையையும் சேர்த்து. இல்லாவிட்டால் கேசட் கெட்டுப்போய்விட்டது என்று ஒரு பொய். ஆனால் நேற்று ஒரு கிழவரை அவர் அறையிலேயே நிற்க வைத்து விசாரித்தவள் நான். என் தப்பான வேகத்துக்கு அவர் வீட்டை விட்டுப் போவதா? அதை என்னால் ஜீரணிக்க முடியாது. தவிர, அவள் என்னிடம் ஆறுதல் கேட்கவில்லை. உண்மை என்ன என்றுதான் கேட்டிருந்தாள்.

பத்து மணிக்குப் பாப்பா வந்தாள். நான் வேகத்தைப் பற்றியும், என் தப்பைப் பற்றியும், நேற்று சாரிடம் போய்க் கேட்டதையும், அவர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறகு, "நீங்க நினைச்ச மாதிரி இல்ல. ஆனா நல்லாவும் இல்ல. கேட்டே ஆகணுமா?" என்றேன்.

"போடுங்கக்கா."

ஹெட்போன் வேண்டாம் என்றாள். ஸ்பீக்கரில் போட்டேன். அவள் நின்றபடியே கேட்டாள். முதல் கதறலில் அவள் கை தன் தொண்டைக்குப் போனது. மூன்றாவதில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "போதும் பாப்பா" என்று அந்தக் குரல் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். பதினொன்றும் முடிந்து பட்டன் சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

சொல்லி முடித்த அடுத்த கணம் அவளுக்கே அது காதில் விழுந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பதிவில் இருந்த சிரிப்பையும் அப்படித்தான் பொத்தியிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் தோளைத் தொட்டேன். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதினொரு மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சார் கோப்பையோடு வாசலில் வந்து நின்றார். மகள் முகத்தைப் பார்த்தார். கேசட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போட வேண்டாம்னு சொன்னேனேம்மா" என்றார். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

பாப்பாதான் பேசினாள். "எதுக்கு நிறுத்தல?"

"சொன்னேனே. போதும்னு சொன்னேனே."

"வாயால சொன்னீங்க. என்னைத் தூக்கிட்டு வெளிய போயிருக்கலாம். நாய்க்குட்டியத் தூக்கியிருக்கலாம். ஒரு பட்டன அமுக்கினா போதும். எனக்கு அஞ்சு வயசு. உங்களுக்கு எத்தனை வயசு?"

அவர் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நான் எழுந்து வாங்கி மேசையில் வைத்தேன்.

"ஒரு வாரமா அந்தச் சத்தம் கெடைக்காம அலைஞ்சிட்டிருந்தேன். நீ தெரியாம அது வால மிதிச்சப்போ மொதல் தடவை வந்துச்சு. அடடா, ரெக்கார்டர் ஓடலையேன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். நீ 'இருப்பா, இன்னொரு தடவை பண்றேன்'னே. எனக்காகத்தான் பண்ணினே. சத்தம் நல்லா இருந்துச்சும்மா. நிறுத்த மனசு வரல."

"அதான் நாய்க்குட்டியக் குடுத்துட்டீங்களா?"

"மறுநாளே பால்காரர்கிட்ட குடுத்தேன். அது கண்ணு முன்னால இல்லேன்னா நீ மறந்துடுவேன்னு நெனச்சேன்."

"மறந்தேன். ஆனா தப்பா மறந்துட்டேன். அழுதது நான்னு நெனச்சுட்டேன்."

"நல்லதாப் போச்சுன்னு இருந்தேன்மா. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னுதான்."

பாப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் அடுத்து என்ன கேட்கப்போகிறாள் என்று நானும் அவரும் காத்திருந்தோம். அவள் திரையைப் பார்த்தாள். அதில் பூட்ஸ் அண்ணன் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான்.

"உருண்டை தொட்டா இவன் சாகறது எதுக்கு? இத மட்டும் உண்மையாச் சொல்லுங்க."

அவர் அந்தப் பொம்மையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மொதல்ல அப்படி இல்ல" என்றார். "உருண்டை தொட்டா ஒண்ணும் ஆகாது. அது பாட்டுக்கு அது போகும், இவன் பாட்டுக்கு இவன் போவான். அந்தச் சத்தத்தச் சேர்த்த அப்புறம் பாத்தா, விளையாட வந்தவங்க எல்லாரும் அதையே மிதிச்சிட்டிருந்தாங்க. பாவம், அது என்ன பண்ணிச்சுன்னு யாராவது கேட்டா சொல்றதுக்கு ஒரு காரணம் வேணுமே. அப்புறம்தான் தொட்டா சாவான்னு வெச்சேன்."

பக்கத்து அறையில் புரோகிராமர் யாரிடமோ போனில் சிரிப்பது கேட்டது.

பாப்பா எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. டீ ஆறுதுப்பா" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். கோப்பையைத் தூக்கினார், குடிக்க முடியவில்லை, மறுபடி வைத்தார். அவள் போனை எடுத்து, திங்கள்கிழமை ரூம் வேண்டாம் என்று யாரிடமோ சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, சத்தம் அப்படியே இருக்கட்டும். சுத்தம் பண்ணிக் குடுங்க. தொட்டா சாகறத மட்டும் எடுத்துடச் சொல்றேன். யார் யாரெல்லாம் மிதிக்கிறாங்கன்னு பாக்கலாம்."

அடுத்த வாரம் புரோகிராமர் மாற்றிக் கொடுத்தார். சத்தம் ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் சரிபார்க்க வேண்டியது என் வேலை. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். முதல் உருண்டை இரண்டு பாதத்தையும் மாற்றி மாற்றி வைத்து வந்தது. பூட்ஸ் அண்ணனைத் தொட்டது. ஒன்றும் ஆகவில்லை. அது பாட்டுக்கு நடந்து போனது. இரண்டாவதும் அப்படியே போனது. எனக்கு எல்லாம் தெரியும். அந்த நாய்க்குட்டியைத் தெரியும், அந்தச் சிரிப்பைத் தெரியும், அந்த ஜன்னல் ஆணிகளைத் தெரியும். மூன்றாவது வந்தபோது, சரிபார்க்கத்தானே என்று சொல்லிக்கொண்டு மிதித்தேன்.

சத்தம் நன்றாகத்தான் இருந்தது. நான்காவதையும் மிதித்தேன்.